புதுப் பயிற்றுநர் பெறும் ஊதியம்

கல்லூரி மலருக்குத் தமிழாசிரியன் எழுதும் கட்டுரை சங்க இலக்கியம் பற்றியோ, சமய குரவர் பற்றியோ, கல்லூரியின் பழம்பெருமை பற்றியோ இருத்தல் வழக்கம். அவ்வழக்கினின்றும் விலகி, வணிக நோக்குடைய உடற்பயிற்சிக் கூடங்களிலே புதிதாகத் தொழிலிற் சேரும் தனிப் பயிற்றுநர் எவ்வாறு ஊதியம் பெறுகின்றனர் என்பதை ஈண்டு ஆராய முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. நம் கல்லூரியை விட்டு நீங்கிய மாணாக்கருட் சிலர் இத்தொழிலை நாடியுள்ளனர். மைதானத்திற் பெயர் பெற்ற பிள்ளைகள், பரீட்சையிற் பல்கலைக்கழக வாயில் திறவாதபோது, தம் உடலுரத்தையும் பயிற்றும் ஆற்றலையும் நம்பிக் கொழும்புக்கும் இலண்டனுக்கும் செல்கின்றனர். அவர்கள் கையொப்பமிடும் ஒப்பந்தங்கள் சிலவற்றை யான் படித்துப் பார்த்தேன். தொல்காப்பிய உரையைவிட அவை கடினமானவை என்று சொல்லேன்; ஆயினும் உரையாசிரியர் எவரும் அவற்றுக்கு இன்னும் உரை செய்திலர்.

பயிற்றுதலும் ஆசிரியத் தொழிலே. எழுத்தறிவித்தாலென்ன, எடை தூக்க அறிவித்தாலென்ன, ஒருவன் உடம்பையும் உள்ளத்தையும் பொறுப்பேற்று முன்னேற்றுபவன் ஆசிரியனேயாவன். ஆதலின் அவன் பெறும் கூலி எவ்வாறு அமைகின்றது என்பது நம்மனோர்க்குப் புறம்பான செய்தியன்று.

வெளியிலிருந்து காண்போர், ஜிம்மிலே பனியன் அணிந்து நிற்கும் இளைஞன் அக்கூடத்தின் சம்பள ஊழியன் என்றே எண்ணுவர். பல இடங்களில் அவ்வெண்ணம் தவறு. பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம்; நம் பழைய மாணவர் பெருந்தொகையினராய் வாழும் நாடு அது. அங்கே 2008இல் இலண்டனின் மேற்கே ஹவுன்ஸ்லோவில் ‘ஜிம் குறூப்’ என்னும் கொம்பனி தன் முதற் கூடத்தைத் திறந்தது. மறு ஆண்டில் ‘பியூர்ஜிம்’ தொடங்கிற்று. இவை மலிவுக் கட்டணக் கூடங்கள். நீச்சற் குளமில்லை, சிற்றுண்டிச்சாலையில்லை, நீண்டகால ஒப்பந்தமில்லை. இரவு பகலாகக் கதவு திறந்திருக்கும். அங்கத்தவர் தம் இரகசிய இலக்கத்தை அழுத்தி உள்ளே புகுவர். கட்டணம் குறையவேண்டுமாயின் செலவும் குறையவேண்டும். செலவிற் பெரியது ஆட்கூலி. எனவே ஒரு கூடத்துக்குச் சம்பள ஊழியர் ஓரிருவரே இருப்ப, கூடத்தில் உலாவும் மற்றையோர் பலர் தம் கைக்காசைக் கொடுத்து அங்கு நிற்பவராயினர்.

அதாவது, பயிற்றுநன் கூடத்தாரிடம் கூலி பெறுவதில்லை. கூடத்தார்க்கு அவனே மாதந்தோறும் இடவாடகை கொடுக்கிறான். அங்கத்தவருள் யாரேனும் தனிப் பயிற்சி வேண்டினால் அவர் தரும் பணம் முழுவதும் அவனுக்குரியது. ஒருவரும் வேண்டாவிடினும் வாடகை நின்றுவிடாது. நம் வயல் வழக்கிற் சொன்னால் இது குத்தகை. மழை பொய்த்தாலும் குத்தகை நெல் அளந்தே தீரவேண்டும்.

அமெரிக்கக் கூடங்கள் பலவற்றிற் காணும் முறை வேறு. ஆங்கே பயிற்சியை விற்பது கூடம். பணத்தை வாங்குவதும் கூடம். பயிற்றுநனுக்கு அதிலொரு பங்கு. புதியவன் பங்கு பெரும்பாலும் பாதிக்குக் குறைவாகவேயிருக்கும். பயிற்சிகளின் தொகையும் சான்றிதழ்களும் கூடக்கூட அது உயரும். இது நம்மவர் வாரத்துக்குச் செய்தல் என்பதை ஒத்தது. வாரத்திலே நட்டத்திலும் இருவர்க்கும் பங்குண்டு என்பது ஒரு நன்மை. ஆனால் வயலிலே ஒருவன் உழுத நாளெல்லாம் பயிராய்க் கண்முன் நிற்கும். கூடத்திலோ ஆளைத் தேடி அலைந்த நேரம் எவர் கண்ணுக்கும் தெரியாது.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு முறை இருந்தது. அதுவே என்னை மிகச் சிந்திக்க வைத்தது. புதியவனிடம் வாடகைக்குப் பணம் இல்லை. ஆதலாற் கூடத்தார், ‘வாடகை வேண்டாம், கிழமைக்குப் பன்னிரண்டு மணிநேரம் எமக்கு வேலை செய், போதும்’ என்பர். அவன் தளம் துடைப்பான். பாரத் தட்டுகளை ஒழுங்குபடுத்துவான். புதிய அங்கத்தவர்க்குப் பொறிகளைக் காட்டுவான். சில குழு வகுப்புகளையும் நடத்துவான். கையிற் காசு வாராது. கேட்போர்க்கு இது கருணையாகவே தோன்றும். கணக்குப் பார்த்தால் வேறாகும். 2025 ஏப்ரலில் பிரித்தானியாவில் 21 வயதுக்கு மேற்பட்டோர்க்கான சட்டக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுணாயிற்று. பன்னிரண்டு மணிக்கு 146 பவுண் 52 பென்ஸ். ஆண்டின் 52 கிழமைகளையும் பன்னிரண்டு மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 635 பவுண் ஆகின்றது. அதே கூடத்தின் பண வாடகை 500 பவுண் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், காசில்லாத புதியவனே காசுள்ள பழையவனைவிடக் கூடுதலான வாடகை செலுத்துகிறான். வறியவன் கடையிற் கொத்துக் கொத்தாக அரிசி வாங்குவதால் மூட்டை வாங்கும் செல்வனைவிட அதிக விலை கொடுப்பது போன்றது இது.

இம்முறை மீது குறை கூறுவோர் பெருகினர். ஜிம் குறூப் 2019ஆம் ஆண்டளவிலே தன் பயிற்றுநரைச் சில மணிநேரத்துக்குக் கூலி பெறும் பகுதிநேர ஊழியராகவும், மீதி நேரத்தில் வாடகை செலுத்தும் சுயதொழிலாளராகவும் கொள்ளும் கலப்பு முறைக்கு மாறிற்று. செய்த வேலைக்குக் கூலி வேறு, கொண்ட இடத்துக்கு வாடகை வேறு என்று இரண்டையும் பிரித்துக் கணக்கில் எழுதியமை சிறப்புடைத்து. இரண்டும் ஒன்றோடொன்று கழிந்து போவதாயினும் எழுதப்பட்ட கணக்கைக் கேள்வி கேட்கலாம். எழுதப்படாத கணக்கை என் செய்வது?

சட்டமும் இதிற் கருத்துச் செலுத்தியுள்ளது. பிரித்தானியச் சட்டம் உழைப்போரை ஊழியர், தொழிலாளர், சுயதொழிலாளர் என மூவகைப்படுத்தும். நடுவகையினர்க்கும் குறைந்தபட்சக் கூலியும் ஆண்டுக்கு 5.6 கிழமை சம்பள விடுமுறையும் உண்டு. மூன்றாம் வகையினர்க்கு ஒன்றுமில்லை. 2021 பெப்ரவரியில் ஊபர் வாடகைக் கார்ச் சாரதிகளின் வழக்கிலே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கின்றது என்பதைவிட நடைமுறையில் யார் யாரை ஆட்டுவிக்கிறார் என்பதையே நோக்க வேண்டும் என்று தீர்ப்பளித்து, அச்சாரதிகளைத் தொழிலாளர் என்றது. ஜிம்மிற் சுயதொழிலாளன் என்று பெயர் சூட்டப்பெற்ற இளைஞன் எந்த நேரம் வரவேண்டும், எந்த உடை அணியவேண்டும், என்ன விலை கேட்கவேண்டும் என்பதையெல்லாம் முகாமையாளரே விதிப்பாராயின், அவன் உண்மையிற் சுயதொழிலாளன்தானா என்பது கேட்கத்தக்க கேள்வியேயாம்.

இவ்விடத்தில், இலண்டனிற் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளுக்கென ஒன்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாணவ வீசாவிலே பட்டப்படிப்புக்குச் சென்றோர் தவணைக் காலத்திற் கிழமைக்கு 20 மணிநேரத்துக்கு மேல் வேலை செய்தல் ஆகாது. சுயதொழிலோ அவர்க்கு விலக்கப்பட்டது. ஜிம் வாடகை ஒப்பந்தத்திற் கையொப்பமிடுபவன் தன்னைச் சுயதொழிலாளன் என்று தானே எழுதிக் கொடுக்கிறான். நண்பன் ஒருவன் செய்கிறான், நானும் செய்தாலென்ன என்று எண்ணி இடும் அக்கையொப்பம் வீசாவுக்கே முடிவாகலாம். பெற்றோர் காணியை ஈடு வைத்து அனுப்பிய பிள்ளைக்கு நேரத்தகாத கேடு அது.

இனிப் பங்கு முறைக்கு வருவோம். அங்கத்தவர் ஒரு மணிநேரப் பயிற்சிக்கு 60 டொலர் கொடுக்கிறார், பயிற்றுநனுக்கு அதில் நூற்றுக்கு நாற்பது என்று கொள்வோம், 24 டொலர். கேட்பதற்கு நல்ல மணிக்கூலி. ஆனால் பயிற்சி வேண்டுவோர் வேலைக்குச் செல்வோர். அவர்கள் விடியலில் ஆறு மணிக்கு வருவர், அல்லது மாலை மங்கிய பின் வருவர். காலை ஆறுக்குத் தொடங்கி இரவு எட்டுக்கு முடியும் நாளிலே நான்கு பேரே வந்தனரென்றால் 96 டொலர். பதினான்கு மணிக்கும் பங்கிட்டால் மணிக்கு 6 டொலர் 86 சதம். 2009 முதல் மாறாதிருக்கும் அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 7 டொலர் 25 சதம். ‘இடையில் வீட்டுக்குப் போயிருக்கலாமே’ என்பர். உண்மையிற் போகச் சுதந்திரமுடையவனுக்கு அந்நேரம் சட்டக் கணக்கிற் சேராது. கூடத்தை விட்டு அகலாதே, வருவோரைப் புன்முறுவலோடு அணுகு என்று பணிக்கப்பட்டவனுக்கோ அந்நேரமும் வேலை நேரமே. நல்ல கூடத்தார் அதற்கென்று ஒரு தளக்கூலி கொடுக்கின்றனர். கொடாதாரும் உளர்.

இன்னும் கணக்கில் வாராதன பல. புதிய அங்கத்தவர்க்கு இலவசமாக வழங்கப்படும் முதற் பயிற்சியைக் கொடையாக வழங்குபவர் கூடத்தார். உழைத்துக் கொடுப்பவன் பயிற்றுநன். வருவதாகச் சொல்லி வாராதோர்க்காகக் காத்திருந்த மணிநேரம், வீட்டிலிருந்து பயிற்சித் திட்டம் எழுதிய இரவு, காப்புறுதிப் பணம், சான்றிதழ்ச் செலவு ஆகியன அனைத்தும் அவன் தலைமேலன. பிரித்தானியாவில் இரண்டாம் தரச் சான்றிதழோடு ஜிம் போதனாசிரியனாகலாம். தனிப் பயிற்றுநனாக மூன்றாம் தரம் வேண்டும். அதற்குரிய கட்டணத்தைக் கடன்பட்டுச் செலுத்துவோர் பலர். யான் ஆசிரிய கலாசாலையிற் பயின்ற காலத்தில் மாதச் சம்பளம் சிறிதாயினும் தவறாது வந்தது. தொழிலைக் கற்கும் காலத்திலே சோற்றுக்கு அஞ்சாதிருந்தமையே கற்றதை மனத்திற் பதிய வைத்தது என்று இன்றும் நம்புகிறேன்.

என் மறுப்பு கணக்கோடு முடிவதன்று. வாடகையோ பங்கோ, புதியவனை இவை ஆசிரியனாக அன்றி விற்பனையாளனாகவே முதலில் வளர்க்கின்றன. ஆசிரியனுடைய வெற்றி மாணவன் ஒருநாள் ஆசிரியனை வேண்டாது தானே செய்யும் நிலையை அடைதலிலுள்ளது. மாதமுடிவில் வாடகை கட்டவேண்டியவனுக்கோ மாணவன் விலகுதல் வயிற்றிலடி. முழங்கால் நோவுடன் வரும் ஐம்பது வயதினரிடம், ‘ஐயா, நீங்கள் நாலு கிழமை ஓய்ந்திருந்து வைத்தியரைக் காணுங்கள்’ என்று சொல்லவேண்டிய கடமை அவனுக்குண்டு. வாடகைக்கு இரண்டு நாள் இருக்கையில் அதைச் சொல்ல எத்தனை பேர்க்கு மனம் வரும்? அவனைக் குற்றஞ் சொல்லுமுன் அவனை அந்நிலையில் நிறுத்திய ஏற்பாட்டைக் குற்றஞ் சொல்லவேண்டும்.

கல்வித் துறையினர்க்கு இது புதிய பாடமன்று. 1862இல் இங்கிலாந்திலே றொபேட் லோ என்பவர் கொணர்ந்த திருத்திய விதிக்கோவையினால் பாடசாலைகளுக்குரிய நன்கொடை, பரிசோதகர் முன்னிலையில் எத்தனை பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றிற் சித்தியடைந்தனர் என்பதைப் பொறுத்ததாயிற்று. பெறுபேற்றுக்கேற்ற கொடை என்னும் அம்முறை 1870களில் இலங்கைக்கும் வந்தது. ஆசிரியர் செய்ததென்ன? வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் நெட்டுருச் செய்தனர். சித்தியடையக் கூடியவர் மேற் கவனமெல்லாம் சென்றது. ஏனையோர் பின்வாங்கில் இருந்தனர். கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமாயிருந்த மத்தியூ ஆனல்ட் இதனை அக்காலத்திலேயே கண்டித்தார். அந்நூற்றாண்டு முடியுமுன் இங்கிலாந்து அதனைக் கைவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று ஆசிரியனுக்கு விலை வைத்தால் அவன் தலைகளையே எண்ணுவான் என்பதை அத்தலைமுறை பட்டறிந்தது.

மறுபக்கத்தாரின் நியாயத்தையும் கூறாது விடுதல் முறையன்று. கூடத்தை நடத்துவோர், வாடகை முறை இல்லாவிடின் மலிவுக் கட்டணமே இல்லை என்பர், அதில் உண்மையுண்டு. மாதம் இருபது பவுண் அளவிலே தொழிலாளி ஒருவர் ஜிம்முக்குச் செல்ல முடிவது சமுதாயத்துக்கு நன்மையே. அன்றியும், பத்தாண்டு பழகிய, பெயர்பெற்ற பயிற்றுநனுக்கு வாடகை முறை போல் இலாபமானது வேறில்லை. முப்பது பேர் அவனைத் தேடி வருவர். வாடகையைக் கட்டியபின் மிச்சமெல்லாம் அவனுடையது. நேரம் அவன் விருப்பம். அத்தகையோனைச் சம்பளத்துக்கு இருத்தினால் அவனே ஒப்பான். எனவே குத்தகை தீது, சம்பளம் நன்று என்று ஒரே கோலால் அளக்க யான் முற்படேன். கிணறும் மாடும் விதைநெல்லும் உடையவனுக்குக் குத்தகை ஏற்றது. ஒன்றுமில்லாதவன் கையிற் குத்தகை முறியைக் கொடுத்து, ‘இனி நீ முதலாளி’ என்று வாழ்த்துவதே பிழை.

நம் நாட்டிலே 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வந்தபோது எழுந்த வாதங்கள் முதியோருக்கு நினைவிருக்கலாம். நிலச் சொந்தக்காரர் விளைவிற் காற்பங்குக்கு மேற் கொள்ளலாகாது என்றும், குடியானவனை நினைத்தவாறு எழுப்பலாகாது என்றும் அது விதித்தது. அச்சட்டம் நடைமுறையிற் பட்ட பாடு வேறு கதை. ஆனால் பங்கு என்பது இருவர் தாமே பேசி முடிக்கும் தனிக் காரியமன்று, வலியவனும் மெலியவனும் பேசுமிடத்துச் சட்டம் நடுவில் நிற்கவேண்டும் என்னும் கொள்கை அன்றே இந்நாட்டில் ஏற்கப்பட்டதாகும்.

ஜிம் பயிற்றுநர்க்கும் அது பொருந்தும். என் கருத்து இது: கூடத்தாரின் ஏவலிற் புதியவன் நிற்கும் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் பணமாகக் கூலி கொடுக்கப்படல் வேண்டும், அதன்மேற் பயிற்சிக்குரிய பங்கைக் கொடுக்கட்டும். வாடகை முறைக்கு மாற விரும்புவோன், தனக்கென ஒரு மாணவர் கூட்டம் சேர்ந்தபின் தானே கேட்டு மாறட்டும். வாடகையும் முதலாண்டில் வருவாயை ஒட்டி ஏறுவதாயிருத்தல் நன்று. முதல் மாதம் இலவசம், இரண்டாம் மாதம் அரைவாசி, மூன்றாம் மாதம் முழுவதும் என்னும் ஏணி பெரும்பாலும் ஆள் சேரும் வேகத்தை நோக்கி அமைக்கப்படுவதில்லை; கூடத்தாரின் அவசரத்தை நோக்கியே அமைக்கப்படுகின்றது.

கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் சிறு சம்பளமும் பயிற்சிக் கொமிஷனும் கலந்த ஏற்பாடு காணப்படுகின்றது. இங்கே சட்டம் ஓரளவு துணை நிற்கும். தேசியக் குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. 1958இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியன் நூற்றுக்கு 8, தொழில்தருநர் 12 செலுத்தவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3. இந்நிதிக் கணக்கிற் சம்பளத்தோடு கொமிஷனும் சேரும் என்பதை அறியாத இளைஞர் பலர். சம்பளச் சீட்டிற் சிறுதொகையை மட்டும் எழுதி, மிகுதியைக் கடித உறையில் இட்டுக் கொடுக்கும் இடத்திலே அவன் இன்று மகிழ்கிறான்; ஐம்பத்தைந்தாம் வயதிற் கணக்கைப் பார்த்து வருந்துவான். உடலை மூலதனமாகக் கொண்ட தொழிலில் ஐம்பத்தைந்து வரை ஒருவன் நிற்பதே அரிது என்பதையும் எண்ணுக.

எனவே வேலைக்குப் போகும் மாணவன் கூச்சமின்றிச் சில கேள்விகளைக் கேட்கவேண்டும். நான் ஊழியனா, சுயதொழிலாளனா? ஒருவரும் வாராத மாதத்தில் எனக்கு என்ன கிடைக்கும்? வாக்களித்து வாராதவர் பணம் யாருக்கு? நான் விலகினால் என் மாணவர் என்னோடு வரலாமா, அல்லது எத்தனை மாதம் எத்தனை மைலுக்குள் நான் தொழில் செய்யலாகாது? இவற்றுட் கடைசிக் கேள்வியையே எவரும் கேட்பதில்லை. பிரிவு வந்த நாளிலே பெருந்தொல்லை தருவதும் அதுவே. வாய்ச்சொல்லாக வரும் விடையை எழுத்தில் வாங்கவேண்டும். ‘பெரியவர்கள் சொல்கிறார்கள், எப்படிக் கேட்பது’ என்று தயங்கும் பண்பை நாமே வகுப்பறையிற் பழக்கிவிட்டோம். வேலை ஒப்பந்தத்தின் முன் அப்பண்பைச் சற்றே ஒதுக்கி வைக்கலாம்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுக் கிளைகளில் வழக்கறிஞரும் கணக்காளரும் பலர் உளர். உடற்பயிற்சிக் கூடம் நடத்துவோரும் உளர் என்று அறிகிறேன். ஆண்டுதோறும் கல்லூரிக்கு அவர்கள் அனுப்பும் உதவி பெரிது. அதனோடு, ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் இருவர் முன்வந்து, புதிதாக வரும் இளைஞர் கையொப்பமிடுமுன் தம் ஒப்பந்தத் தாள்களை அனுப்பி ஆலோசனை பெறுதற்கு ஒரு வழி செய்வாராயின் செலவு ஒரு மாலைப்பொழுதே. கூடம் நடத்தும் பழைய மாணவர் தம் ஒப்பந்தங்களையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக. அத்தகைய தாள்கள் என்னிடம் வந்தபோது யான் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு இரவு இருந்தேன். அத்தொழில் அறிந்தவருக்கு அரைமணி போதும்.